சாலைத் தெருவின் மீன்தண்ணி

எங்கள் வீட்டில் மீன்தண்ணி வைக்க இருபது நிமிஷம் போதும். ஒரு கை உலர்ந்த நெத்திலி, இரண்டு தக்காளி, ஒரு துண்டு குடம்புளி, நாலைந்து சின்ன உள்ளி, பூண்டு, மிளகு, சீரகம். எல்லாம் அடுக்களையில் எப்போதும் இருக்கிற சாமான்கள். மழை விடாமல் பெய்து மீன்காரி வராத நாளிலும், ஆபீஸ் விட்டு வந்து சோறு மட்டும் வடித்து வைத்துக்கொண்டு நிற்கிற நேரத்திலும் எங்களைக் காப்பாற்றியது இதுதான். என் மகள் இதைக் கிண்ணத்தில் ஊற்றி, மேலே மல்லித்தழை கிள்ளிப் போட்டு, சூப் என்று விருந்தாளிகளுக்குக் கொடுக்கிறாள். கொடுக்கட்டும். ஆச்சி காலத்தில் மல்லித்தழையும் கிடையாது, தக்காளியும் கிடையாது.

தக்காளி இல்லாத மீன்தண்ணி எப்படி இருந்தது, தக்காளி எந்த வழியாக உள்ளே வந்தது என்று தேடப்போனால் திருவனந்தபுரத்தின் சரித்திரத்தில் ஒரு பகுதி வெளியே வருகிறது. மகாராஜாக்களின் சரித்திரத்தை எழுத ஆட்கள் இருக்கிறார்கள். நான் சாமான்களின் சரித்திரத்தைச் சொல்கிறேன். அப்பா சாலைக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். எதைக் கையில் எடுத்தாலும் "இது எங்கேருந்து வந்த சரக்கு?" என்று கேட்பது கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தானாக ஒட்டிக்கொள்கிற பழக்கம்.

சாலையை உண்டாக்கியவர் என்று எல்லோரும் சொல்வது ராஜா கேசவதாஸை. தர்மராஜா என்று பேர்பெற்ற கார்த்திகைத் திருநாள் ராமவர்மாவின் திவானாக 1789இல் வந்தவர். 1795இல் தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியது. தலைநகரம் என்றால் அரண்மனைக்கும் கோயிலுக்கும் பட்டாளத்துக்கும் அரிசியும் பருப்பும் வேண்டும். நாஞ்சில் நாட்டு நெல் ஏற்றிய வண்டிகள் வந்தன. வண்டிகளோடு தமிழ் பேசும் வியாபாரிகளும் வந்து, கிழக்குக் கோட்டைக்கும் கிள்ளிப்பாலத்துக்கும் நடுவில் கடை போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அந்தத் தெருவிலேயே பாத்திரக்கடை நடத்திக்கொண்டு, அந்தத் தெரு மனிதர்களையே கதைகளாக எழுதிய ஆ. மாதவன் 2021இல்தான் மறைந்தார். அவருடைய கதைகளைப் படித்தவர்களுக்கு அந்தத் தெருவின் வாசனையை நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மஞ்சள், வற்றல் மிளகாய், கொப்பரை, வெல்லம், இவை எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு மேலே நிற்கும் கருவாடு.

கருவாட்டிலிருந்தே தொடங்குகிறேன். உள்ளதில் மூத்த சரக்கு அதுதான். சங்கப் பாட்டின் நெய்தல் நிலத்திலேயே, மணலில் காயும் மீனைப் பறவை கொத்தாமல் காவல் இருக்கும் பெண்கள் வருகிறார்கள். பூந்துறையிலும் வலியதுறையிலும் புல்லுவிளையிலும் இன்றைக்கும் அந்தக் காவல் நடக்கிறது. காக்கையோடு தெருநாயும் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நெத்திலிக்கு ஒரு சௌகரியம் உண்டு. விரல் நீள மீன். வயிற்றைக் கீறிக் குடல் எடுக்க வேண்டாம், உப்பில் ஊறப்போட வேண்டாம், நல்ல வெயில் இரண்டு நாள் அடித்தால் கலகலவென்று காய்ந்துவிடும். உப்பில்லாமல் காயவைப்பதற்குப் பின்னால் காசுக் கணக்கும் இருந்திருக்கும் என்பது என் எண்ணம். திருவிதாங்கூரில் உப்பு சர்க்கார் சரக்கு. தாமரைக்குளம், ராஜாக்கமங்கலம், குளச்சல் பக்கத்து அளங்களில் விளைந்த உப்பைச் சர்க்காரே வாங்கிச் சர்க்காரே விற்றது. 1865இல் பிரிட்டிஷ்காரர்களோடும் கொச்சியோடும் ஒரு வர்த்தக உடன்படிக்கை ஏற்பட்டது. எல்லைச் சுங்கம் பெரும்பாலும் ஒழிந்தது; அதற்கு விலையாக, பிரிட்டிஷ் இந்தியாவில் உப்பு என்ன விலையோ அதே விலை இங்கேயும் என்று ஆயிற்று. வியாபாரிக்கு அது லாபம். கடற்கரையில் மீன் உலர்த்துகிறவளுக்கு உப்பு கைக்கெட்டாத பொருளாயிற்று. பக்கத்துச் சென்னை மாகாணத்திலும் இதே கதைதான். அங்கே பிரான்சிஸ் டே என்ற டாக்டர் கடற்கரை நெடுக அலைந்து, வரி போட்ட உப்பு விலையால் மீன் அழுகிப்போகிறது என்று 1873இல் அறிக்கை எழுதினார். அதற்குப் பிறகுதான் மீன் உப்பிடுவதற்கென்று வரியில்லாத உப்பு கொடுக்கும் கிட்டங்கிகள் அந்தக் கரையில் வந்தன. மீன் படம் வரைந்து பேர் எழுதிய விஞ்ஞானி என்றுதான் டேயைக் கொண்டாடுகிறார்கள். எனக்கு அவர் உப்புக்காக எழுதிய அறிக்கை பெரிதாகப் படுகிறது.

மழைக்காலத்தில் கடல் மூடிவிடும், அதனால் கருவாடு சேமித்தார்கள் என்று பொதுவாக எழுதிவிடுவார்கள். திருவனந்தபுரத்துக்கு அது பாதிதான் பொருந்தும். ஆனி, ஆடியில் மற்றக் கரைகளில் அலை அறைந்து வள்ளம் இறக்க முடியாதபோது விழிஞ்ஞத்தில்தான் சீசன். பாறைகள் அணைத்த குடா அது. பூந்துறைக்காரர், புல்லுவிளைக்காரர் எல்லோரும் அங்கே போய்க் கட்டுமரம் இறக்குவார்கள். மழைக்கால விசைப்படகுத் தடை கேரளத்தில் முதன்முதலில் 1988இல் வந்தது. இப்போது அது 52 நாள். பழைய முறை மீன்பிடிக்கு அந்தத் தடை கிடையாது. ஆக, மழையிலும் மீன் இருந்தது. அதைக் கரையிலிருந்து ஊருக்குள் கொண்டுவருவதில்தான் கஷ்டம். ஐஸ் இல்லாத காலத்தில் விழிஞ்ஞத்து மீன் எட்டு, பத்து மைலுக்கு அப்பால் பச்சையாகப் போய்ச் சேராது. பெண்கள் ஓலைக் கடவத்தில் வைத்துத் தலைச்சுமையாக ஓட்டமும் நடையுமாக வந்தார்கள். பஸ் வந்த பிறகும் மீன் கடவத்தோடு அவர்களை ஏற்ற மாட்டார்கள்; நாற்றமாம். சண்டை போட்டுத்தான் 1980களில் அவர்களுக்கென்று பஸ் கிடைத்தது. 2021இல் கேரள அரசு 'சமுத்ரா' என்ற பெயரில் மீன் விற்கும் பெண்களுக்கு இலவச பஸ் விட்டது. சட்டியில் மணக்கிற மீன் பஸ்ஸில் நாறுகிறது என்ற நம்முடைய யோக்கியதையைப் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம்.

இனி குடம்புளி. அப்பாவின் கடையில் எனக்குப் பிடித்த மூலை அதன் சாக்கு இருந்த மூலைதான். கறுப்பாக, கொஞ்சம் பிசுபிசுப்பாக, காய்ந்த தோல் மாதிரி கிடக்கும். மூக்கருகே கொண்டுபோனால் முதலில் புகை, பிறகுதான் புளிப்பு. அந்தப் புகைக்குக் காரணம் உண்டு. காய் பழுத்து உதிர்வது மழை கொட்டுகிற மாதங்களில். வெயிலுக்கு எங்கே போவது? அதனால் சதையைப் பிளந்து அடுப்புக்கு மேலே பரணில் போட்டுப் புகையில் காய வைத்தார்கள். பிறகு கல்லுப்பும் தேங்காய் எண்ணெயும் பிசறிப் பரணியில் அடைத்தால் வருஷக்கணக்கில் கெடாது. பழசாக ஆக மவுசு கூடும்.

டச்சுக்காரர் வான் ரீட் கொச்சியில் இருந்துகொண்டு, இட்டி அச்சுதன் முதலான நாட்டு வைத்தியர்களை வைத்து எழுதிய 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' முதல் தொகுதி 1678இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. அதில் குடம்புளி மரம் படத்தோடு இருக்கிறது, கிட்டத்தட்ட நாம் சொல்கிற அதே பேரில். பன்னிரண்டு தொகுதி லத்தீனில் முந்நூறு வருஷத்துக்கு மேல் கிடந்தது. கே.எஸ். மணிலால் ஆயுசில் பெரும்பங்கைக் கொடுத்து ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். 2003இல் அதை வெளியிட்டது எங்கள் பாளையத்தில் இருக்கிற கேரளப் பல்கலைக்கழகம்.

குடம்புளியை வெறும் ருசிச் சாமானாக நினைக்கக் கூடாது. மேற்குக் கரையில் 'கொழும்பு உப்பிடல்' என்று ஒரு முறை இருந்தது. அயிலையைப் பிளந்து குடல் நீக்கி, உப்போடு குடம்புளியையும் கலந்து பெரிய தொட்டியில் ஊறப்போட்டு, உப்புநீர் சொட்டச் சொட்டப் பீப்பாயில் அடைத்துக் கப்பலேற்றுவார்கள். போய்ச் சேர்வது கொழும்பு. இலங்கைக்காரர்கள் அதே புளியைக் கொறுக்காய் என்று அறிவார்கள். மீன் கெடாமல் இருக்க அவர்களும் அதைத்தான் போட்டார்கள். இந்தியக் கரையின் உப்புமீனுக்கும் கருவாட்டுக்கும் பெரிய கிராக்கி இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் இருந்தது. மலையேறிய நம் ஜனங்களின் சோற்றுக்கு இந்தக் கரை மீன் கூடவே போயிருக்கிறது. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு அவர்களில் பலரைத் திருப்பி அனுப்பியபோது, ஒரு பகுதிப் பேர் எங்களுக்கு வடக்கே புனலூர் பக்கம் ரப்பர் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். அதற்காகவே 1976இல் ஒரு அரசு நிறுவனம் வந்தது. மீன் போன வழியிலேயே மனிதர்கள் திரும்பி வந்தார்கள்.

புளிப்பு ஏறிய சட்டியில் அழுக வைக்கும் கிருமி எளிதில் வளராது. மறுநாள் மீன்கறி கெடாமல் இருப்பதன் ரகசியம் அதுதான். என்ன அமிலம் என்பதை 1965இல்தான் மைசூர் உணவு ஆராய்ச்சி நிலையத்து லூயிசும் நீலகண்டனும் சரியாகப் பிரித்துச் சொன்னார்கள்: ஹைட்ராக்சி சிட்ரிக் அமிலம். அதோடு விட்டிருக்கலாம். தொண்ணூறுகளில் அமெரிக்காவில் யாரோ அது உடம்பை இளைக்க வைக்கும் என்று மாத்திரை செய்யக் கிளம்பி, இங்கே குடம்புளி விலை ஏறியது. 1998இல் அங்கேயே ஒழுங்காகச் சோதித்துப் பார்த்து, வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் இதைச் சாப்பிட்டவர்களுக்கும் எடையில் வித்தியாசம் இல்லை என்று எழுதினார்கள். குடம்புளி போட்ட மீன்கறிக்கு இரண்டு கரண்டி சோறு கூடுதலாக இறங்கும் என்பதை எங்கள் தெருவில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

ஆச்சி நாஞ்சில் நாட்டுக்காரி. அவள் ஊரில் புளிப்புக்கு வாளன்புளி, மாங்காய்க் காலத்தில் மாங்காய், கிணற்றடியில் புளிச்சிக்காய். கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்த பிறகுதான் குடம்புளி பழகினாள். அவள் வைத்த மீன்தண்ணியில் தேங்காய் அரைப்பு கிடையாது. நெத்திலியை வெறும் சட்டியில் வறுத்து, தலை கிள்ளி, சுடுதண்ணீரில் அலசி, புளியும் தட்டிய உள்ளியும் காந்தாரி மிளகாயும் போட்டுக் கொதிக்க விடுவாள். இறக்கும்போது ஒரு சொட்டு பச்சைத் தேங்காய் எண்ணெய். அவ்வளவுதான். அதற்குத் துணை மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு.

மரச்சீனியை இந்த ஊர் வயிற்றில் சேர்த்ததற்கு விசாகம் திருநாள் மகாராஜாவைச் சொல்வார்கள். 1880இலிருந்து 1885 வரை ஆண்டவர், செடிகொடிகளில் பைத்தியம். பஞ்ச காலத்துக்கு உதவும் என்று கிழங்கைப் பரப்பினார். அது உதவிய பெரிய பஞ்சம் அவர் போய் அறுபது வருஷம் கழித்து வந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பான்காரர் கையில் விழுந்தது. திருவிதாங்கூர் தின்ற அரிசியில் பெரும்பங்கு பர்மா அரிசி. இங்கிருந்து உலர்ந்த செம்மீன் பர்மாவுக்குப் போகும், அங்கிருந்து அரிசி வரும். இரண்டும் ஒரே நாளில் நின்றது போல நின்றது. "அரிசிய கண்ணால பாக்க கெடைக்காது மக்ளே. கெழங்கும் கருவாட்டுத் தண்ணியும்தான். அதயும் வடிகட்டி மறுநாளைக்கு வெப்போம்" என்பாள் ஆச்சி. அந்தத் தட்டில் அவள் அறியாத ஒரு பொருத்தம் இருந்தது. கிழங்கில் சயனைடு கொஞ்சம் உண்டு. உடம்பு அதை மாற்றி வெளியேற்றக் கந்தகம் உள்ள புரதம் வேண்டும். கிழங்கில் புரதம் மிகக் குறைவு, மீனில் அது இருக்கிறது. ஸ்ரீகாரியத்தில் 1963இலிருந்து மத்தியக் கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கிழங்கைப் பற்றி எல்லாம் அங்கே தெரியும். கூட என்ன வைத்துத் தின்ன வேண்டும் என்பது கடற்கரையில் முன்பே தெரிந்திருந்தது.

இவ்வளவுக்கும் தக்காளி வரவில்லை.

அமெரிக்கக் கண்டத்துச் செடி. வெள்ளைக்காரர் தோட்டங்களில் வந்து நெடுநாள் அங்கேயே நின்றது. 1890களில் முடிந்த ஜார்ஜ் வாட்டின் பெரிய அகராதி, இந்தியாவில் விளையும் எல்லாப் பொருளுக்கும் கணக்கு எழுதிய புத்தகம். அது தக்காளியை முக்கியமாக ஐரோப்பியருக்காகப் பயிர் செய்வதாகத்தான் சொல்கிறது. வங்காளிகளும் பர்மாக்காரரும் புளிக்குழம்பில் போடுகிறார்கள் என்று ஒரு வரி சேர்க்கிறது. தெற்கே புளிப்புக்குப் பஞ்சமா என்ன? புளி, மாங்காய், மோர், எலுமிச்சை, குடம்புளி என்று வரிசை கட்டி நின்ற இடத்தில் புதிதாக ஒன்று நுழைய வழி வேண்டும்.

கேரளத்தில் கூடுதலாக ஒரு தடை. இந்த மண் தக்காளியைக் கொல்லும். செம்புரை மண், புளித்த மண், ஈரக் காற்று. நன்றாகக் காய்த்து நிற்கும் செடி காலையில் பச்சை நிறம் மாறாமலே தலை தொங்கிக் கிடக்கும். நானே மொட்டை மாடியில் சாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறேன். வெள்ளாயணி விவசாயக் கல்லூரியில் படித்த பக்கத்து வீட்டுப் பையன் தண்டை ஒடித்து ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் நிறுத்தி வைத்தான். கொஞ்ச நேரத்தில் வெட்டிய இடத்திலிருந்து பால் போல ஒரு இழை தண்ணீருக்குள் இறங்கியது. "ஆண்ட்டி, இதெல்லாம் பாக்டீரியா" என்றான். பாக்டீரியா வாடல் நோய். மருந்து கிடையாது. கேரள விவசாயப் பல்கலைக்கழகம் அதைத் தாங்குகிற சக்தி, முக்தி, அனகா என்ற ரகங்களைக் கொண்டுவந்தது. வீட்டுத் தோட்டத்துக்கு அவை ஆகும். சந்தையை நிரப்ப ஆகவில்லை.

ஆகவே இங்கே தக்காளி என்றால் மலைக்கு அப்பால் விளைந்தது. அந்த மலையைக் குடைந்துகொண்டு செங்கோட்டை - கொல்லம் ரயில் 1904இல் வந்தது. 1918இல் அது திருவனந்தபுரம் சாக்கை வரை நீண்டது, 1931இல் தம்பானூருக்கு வந்தது. நாகர்கோவில் ரயில் 1979இல்தான். அதுவரை அந்தப் பக்கம் எல்லாம் ரோடுதான். 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுக்காக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. களியக்காவிளையில் எல்லை வந்தது. அப்பாவுக்கு அதில் ரொம்ப நாள் மனத்தாங்கல். நேற்று வரை சொந்த ஊர்ச் சரக்கு, இன்றைக்குச் செக்போஸ்ட். ஆனால் லாரிகள் நிற்கவில்லை, பெருகின. பாவூர்ச்சத்திரம், ஆலங்குளம் பக்கத்துத் தக்காளி இரவில் புறப்பட்டு விடியும்போது சாலையில் இறங்கும். தூரத்திலிருந்து ஒட்டன்சத்திரத்துச் சரக்கு, சீசன் தவறினால் கர்நாடகச் சரக்கு. தக்காளி ஜெயித்தது ருசியாலா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். ஊறப்போட வேண்டாம், கரைக்க வேண்டாம், கழிவு இல்லை, வருஷம் முழுக்கக் கிடைக்கிறது. குழம்புக்கு நிறமும் திடமும் ஒருங்கே கொடுக்கிறது. பெண்கள் வேலைக்குப் போகத் தொடங்கிய வீடுகளில் அதற்கு மேல் என்ன வேண்டும்? என் அம்மாவே எழுபதுகளில் மாறிவிட்டாள். ஆச்சி மட்டும், "இது புளிப்பா இனிப்பான்னு அதுக்கே தெரியல்ல" என்று கடைசி வரை ஒதுக்கினாள்.

ஆனால் நெத்திலியோடு தக்காளி சேரும்போது நடக்கிற ஒன்றை ஆச்சி ஒப்புக்கொள்ளவில்லை, நாக்கு ஒப்புக்கொள்கிறது. ஜப்பானில் இக்கேடா 1908இல் கடற்பாசிக் கொதிநீரிலிருந்து குளூட்டமேட்டைப் பிரித்தார். அவருடைய மாணவர் கொடாமா 1913இல் உலர்ந்த சூரைமீனிலிருந்து இனோசினேட்டை எடுத்தார். தனித்தனியாக இரண்டும் சுவைதான். சேர்ந்தால் பல மடங்கு. பழுத்த தக்காளியில் முதலாவது இருக்கிறது, உலர்ந்த மீனில் இரண்டாவது. எலும்பை மணிக்கணக்கில் வேகவைத்து எடுக்கிற ருசி பத்து நிமிஷக் கொதியில் வந்துவிடுவதற்கு இதுதான் காரணம்.

உலர்ந்த சூரை என்றதும் மாலத்தீவுக்காரர்களைச் சொல்லாமல் விட முடியாது. திருவனந்தபுரத்தில் குமாரபுரம், மெடிக்கல் காலேஜ் பக்கம் போனால் வைத்தியத்துக்கு வந்து மாதக்கணக்கில் வீடெடுத்துத் தங்கும் மாலத்தீவுக் குடும்பங்களைப் பார்க்கலாம். எங்கள் மாடி வீட்டில் ஒரு குடும்பம் இருந்தது. அந்த அம்மாள் வைக்கிற கருதியா என்ற மீன்தண்ணி: சூரை, தண்ணீர், உப்பு. நுரையை வழித்து வழித்து எடுத்துத் தெளிவாக இறக்குவாள். சோற்றில் ஊற்றி, எலுமிச்சை பிழிந்து, வெங்காயமும் பச்சைமிளகாயும் கடித்துக்கொள்வது. தக்காளியின் நிழல்கூட அதில் விழவில்லை. அதே தண்ணியை வற்ற வற்றக் காய்ச்சினால் பழுப்பு விழுது. அதற்கு ரிஹாக்குரு என்று பேர். ஊரிலிருந்து பாட்டிலில் கொண்டுவந்திருந்தாள். ஒரு ஸ்பூன் விழுதைச் சுடுதண்ணீரில் கரைத்தால் சூப் தயார். சூப் பாக்கெட்டுக் கம்பெனிகள் பிறப்பதற்கு முன்பே அந்தத் தீவுகளில் இது நடந்திருக்கிறது. மாசி என்று நாம் சொல்கிற அவர்களுடைய உலர்ந்த சூரையும் அப்படிப் பழையதுதான். 1340களில் அங்கே காஜியாக இருந்த இபின் பதூதா, மீனை நாலாக வெட்டி, லேசாக வேகவைத்து, ஓலைக்கூடையில் வைத்துப் புகையில் தொங்கவிட்டு, இந்தியாவுக்கும் சீனத்துக்கும் ஏமனுக்கும் அனுப்புகிறார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார்.

டப்பா மீனைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை, ஆனால் விடவும் முடியாது. சென்னை மாகாண மீன்துறையைத் தொடங்கிய பிரடெரிக் நிக்கல்சன், மலபார் கரையில் சாளை மீனை எண்ணெயில் போட்டு டப்பாவில் அடைக்க சாலியத்தில் ஆலை வைத்து முயன்றார். நம் ஜனங்கள் வாங்கவில்லை. பச்சை மீன் வாசலுக்கு வரும்போது தகரத்துக்கு யார் காசு கொடுப்பார்கள்? தக்காளிச் சாற்றில் அடைத்த சாளை டப்பா எங்கள் ஊருக்கு வளைகுடாவிலிருந்து திரும்புகிறவர்களின் பெட்டியில் வந்தது, பீமாபள்ளிக் கடைகளில் வந்தது. கடலில் சாளை துள்ளுகிற ஊருக்கு அயல்நாட்டுச் சாளை. யாழ்ப்பாணத்துத் தோழி ஒருத்தி டின்மீன் சொதி வைப்பதில் கைகாரி. அவள் வைத்தால் சாப்பிடுவேன். நானாக வாங்க மாட்டேன்.

ஆனாலும் அலமாரியில் ஏதாவது இருக்கத்தான் வேண்டும் என்பதைச் சமீப வருஷங்கள் காட்டிவிட்டன. 2018 ஜூனில் அமரவிளையிலும் ஆரியங்காவிலும் லாரிகளை நிறுத்திப் பார்த்தபோது, பிணத்துக்குப் போடுகிற ஃபார்மலின் போட்ட மீன் டன் கணக்கில் அகப்பட்டது. 2020 ஜூலையில் கொரோனாவுக்காகப் பூந்துறையை அடைத்துக் கமாண்டோக்களை நிறுத்தினார்கள்; மீன் விற்க வந்த பெண்களைக் கண்டு தெருக்கள் கதவைச் சாத்தின. கேரளத்தின் சாளை 2012இல் ஏறத்தாழ 4 லட்சம் டன் கிடைத்தது, 2021இல் மூவாயிரத்துச் சொச்சம் டன்னுக்கு விழுந்ததாகக் கொச்சி கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் கணக்குச் சொன்னது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டியபோது சாலையில் குடம்புளிச் சாக்கைச் சுற்றி இளவயதுப் பெண்கள் நிற்பதைப் பார்த்தேன். ஆச்சி இருந்திருந்தால் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்திருப்பாள்.

இப்போது நான் வைக்கிற முறை. தக்காளியையும் குடம்புளியையும் சேர்த்தே போடுகிறேன். தக்காளி மட்டும் என்றால் சாறு ஒரு மாதிரி மழுங்கி நிற்கிறது. குடம்புளித் துண்டை முதலில் கழுவி வெந்நீரில் போட்டுவிடுவேன். நெத்திலியை வெறும் சட்டியில் மணம் வரும்வரை வறுத்து, தலை கிள்ளி, வெந்நீரில் இரண்டு முறை அலசி, அடியில் தங்கும் மணலோடு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். மிளகும் சீரகமும் பூண்டும் ஒன்றிரண்டாகத் தட்டினது, உள்ளி நசுக்கினது, தக்காளி கையால் பிசைந்தது, குடம்புளி ஊறிய தண்ணீரோடு நாலு தம்ளர் தண்ணீர். தக்காளித் தோல் சுருண்டு பிரிந்து மேலே வரும்போது மீனைப் போட்டு ஐந்தாறு நிமிஷம். அதற்கு மேல் கொதித்தால் நெத்திலி கரைந்து சாறு கலங்கும். கறிவேப்பிலை, பச்சைத் தேங்காய் எண்ணெய், மூடி.

வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். வெள்ளி போல மினுங்கும் நெத்திலியில் உப்பு அதிகம் இருக்காது. பூத்துப் போய் வெண்பொடி படிந்ததில் உப்பும் பழமையும் இரண்டும் இருக்கும். ஒடித்தால் டப்பென்று ஒடிய வேண்டும், வளையக் கூடாது. பாலித்தீன் உறையில் ஒட்டி வருவதைவிட, கன்னிமாரா சந்தையிலோ சாலையிலோ தரையில் சாக்கு விரித்து விற்கும் அம்மாமாரிடம் வாங்குங்கள். ஒன்றை எடுத்து வாயில் போட்டுப் பார்க்க விடுவார்கள். சட்டியில் உப்பைக் கடைசியில், ருசி பார்த்த பிறகு மட்டும் போடுங்கள்.